பெஞ்சில் உட்கார வேண்டியவர்

ஷார்லீன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவள் படகைக் கொண்டுவந்து கட்டும்போது பெர்னார்ட் மிதவை மேடையில் நிற்கக்கூடாது. கரையில், கூரைக்கு அடியில், சிமெண்டுத் தரையோடு இறுக்கிய இரும்புப் பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து அவர் பார்க்கலாம், பார்க்காமல் இருக்கலாம், வாயாரத் திட்டலாம், கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லலாம். எழுந்து மட்டும் வரக்கூடாது.

"சரி" என்றார் பெர்னார்ட்.

அவருடைய "சரி"யில் பாதிதான் சரி என்பது கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்று நம்பினாள். நம்பாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெர்னார்டுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் போயின. காலுக்கு உயிர் கொஞ்சம் திரும்பிவிட்டது. நாலு கால் கைத்தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைக்குத் திரும்பவில்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் அவருடைய கிண்டலும் பிடிவாதமும் சேதாரமில்லாமல் தப்பித்துவிட்டன. மருத்துவமனையில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெல்லாவ யாரு பாத்துக்கறா?" என்பதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் தலைகூடச் சீவாமல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்டெல்லா என்பது படகு.

சிறிய பாய்மரப் படகுதான், யாரோ ஓட்டிக் கைமாற்றியது. நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜோகூர் தெரியும் கரையில் ஒரு படகு கிளப்பில் அதற்கு ஓர் இடம். துவாஸ் துறைமுகத்தில் கிரேன்களை மேய்த்த மனிதருக்கும் ஆங் மோ கியோவில் மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கும் படகு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். பிள்ளைகள் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைந்த ஞாயிறுகளில் இவர்கள் கடலில் இருந்தார்கள்.

கடலில் போவது பெரிய காரியமில்லை. திரும்பி வந்து கட்டுவதுதான் காரியம். கடலில் இடம் தாராளமாக இருக்கிறது. கிளப்பில் இரண்டு பக்கமும் அடுத்தவர் படகு. படகுக்கு பிரேக் கிடையாது. காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். பாயை இறக்கிவிட்டு இஞ்சினைப் போட்டு ஆமை வேகத்தில் உள்ளே நுழைய வேண்டும். பெர்னார்ட் சுக்கானைப் பிடித்திருப்பார். ஷார்லீன் கயிற்றோடு படகின் விளிம்பில் நிற்பாள். அவர் "போ" என்பார். அவள் மேடையில் கால் வைத்து, அங்கே இருக்கும் இரும்புக் கொம்பில் கயிற்றைச் சுற்றுவாள். இருபது வருடமாக அப்படித்தான். எந்த நொடியில் இறங்க வேண்டும் என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் படுத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒற்றை வார்த்தை.

பெர்னார்டுக்கு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை ஸ்டெல்லாவில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும். சும்மா உட்கார்ந்து போனால் போதும். டாக்டர்கூடத் தலையாட்டிவிட்டார். ஷார்லீன்தான் தயங்கினாள். அவர் படகில் இருந்தாலும் அவள் தனி ஆள்தான். இன்னும் சொன்னால், தனி ஆளைவிட மோசம். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "மொதல்ல நான் தனியா கட்டப் பழகிக்கறேன், அப்புறம் போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கான வழியைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் மீன் வறுவல் தட்டை மேடையாக்கி, மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் படகாக்கினார்.

"முன்னாடி கயிறு, பின்னாடி கயிறு ரெண்டையும் மறந்துடு. படகுக்கு நட்டநடுவுல ஒரு கயிறு. நுனியில கண்ணி. மெதுவா வந்து, குதிக்காம, கொக்கிக் கழியால கண்ணியக் கொம்புல மாட்டு. அப்புறம் இஞ்சின முன்னாடி மெதுவா ஓட விட்டு, சுக்கான் கட்டைய மேடைப் பக்கம் சாய்ச்சிடு. படகு போகப் பாக்கும், கயிறு விடாது. மேடையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். நீ டீ போட்டுக் குடிச்சிட்டுக்கூட எறங்கலாம்."

"இவ்வளவு சுலபமா இருக்கறத இத்தன வருஷமா ஏன் நம்ம செய்யலை?"

"அப்ப நீ இருந்தியே" என்றார் பெர்னார்ட், கண்ணாடிக் கூட்டில் ஒட்டியிருந்த மசாலாவைத் துடைத்துக்கொண்டே.

யாருமே தேவைப்படாத ஒரு முறையை அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, அந்தத் தேவைப்படாதவர்களில் தானும் ஒருவர் என்பதை மட்டும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் சில வாரங்கள் பக்கத்துப் படகுக்காரர் சுஹைப் கூடவே இருந்தார். டன்லப் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், உதவி செய்யாமல் இருக்கத் தெரியாதவர். அதுதான் தொல்லை. ஷார்லீன் உள்ளே வருவதைப் பார்த்ததும் ஓடிவந்து முன்பக்கத்துக் கயிற்றைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுப்பார். முன்பக்கம் மேடையில் போய் இடிக்கும், பின்பக்கம் அகலத் திறந்துகொண்டு அடுத்தவர் படகைத் தேடிப் போகும். ஸ்டெல்லாவின் மூக்கில் இருக்கும் கீறல் அவர் செய்த உதவி. அப்போதும் ஷார்லீன் நன்றி சொன்னாள். சுஹைப் இழுத்தால் பெயிண்ட்தான் போகும். பெர்னார்ட் இழுக்க வந்தால் என்ன போகும்? ஸ்டெல்லா மூன்று டன் எடை. அதற்கும் மேடைக்கும் நடுவில் கை போனாலும் சரி, ஆளே விழுந்தாலும் சரி, சுக்கானை விட்டுவிட்டு வந்து தூக்க அவளைத் தவிர இன்னொருத்தி இல்லை.

அந்த ஞாயிறு தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. காலையில் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து இருவரும் சுஹைப் கடைக்குப் போனார்கள். சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. பெர்னார்டின் கைத்தடிக்காகக் கூட்டம் விலகி வழிவிட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் தாடையைப் பார்த்தே ஷார்லீன் தெரிந்துகொண்டாள். கடைக்குள் சேலைகளுக்கு நடுவே சுஹைப் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு வேணாம் அண்ணி. மத்தியானம் மழ வரும்னு போட்டிருக்கான். கடைய விட்டு என்னால வர முடியாது. அடுத்த வாரம் நான் வந்து நிக்கறேன் லா."

"நீங்க நிக்காம இருந்தாத்தான் எனக்குப் பழகும் சுஹைப்."

சுஹைப் சிரித்துவிட்டு பெர்னார்டைப் பார்த்தார். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது. எனக்கு பெஞ்சு குடுத்திருக்காங்க" என்றார் பெர்னார்ட்.

கிளப்புக்குப் போகும் டாக்ஸியில் அவர் தோள்பையிலிருந்து இரண்டு முழக் கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடது கையாலேயே முடிச்சுப் போட்டுப் பழகச் சொல்லி உடற்பயிற்சி கொடுக்கும் பெண் தந்தது. மாதக்கணக்கில் அது அவர் பையில் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பத்து வகை முடிச்சுப் போட்ட மனிதர், ஒரு கையையும் பல்லையும் வைத்துக்கொண்டு சுருக்குக்கூடப் போட முடியாமல் அதைச் சுவரில் விட்டெறிவார். அப்புறம் அவரே தேடி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். அன்று எறியவில்லை. விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வந்தார்.

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஷார்லீன் தனியாகக் கிளம்பினாள். கிளம்புவதில் தகராறு இல்லை. வெளியே போனதும் பாயை ஏற்றினாள், இஞ்சினை நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும் உடம்பில் இருந்த முறுக்கெல்லாம் இறங்கியது. உபின் தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போனாள். யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, யாரையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது. இருந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மேற்கே வானம் கறுத்ததை அவள் கவனித்தது அப்போதுதான். சுஹைப் சொன்ன மழை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. பாயை இறக்கி, இஞ்சினைப் போட்டு, ரப்பர் உருளைகளைப் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நடுக்கயிற்றின் கண்ணியைக் கொக்கிக் கழியில் மாட்டித் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினாள். கிளப்பை நெருங்கும்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. வேலையாட்கள் அலுவலகத்துக்குள் போய்விட்டார்கள். மேடைகளில் ஈ காக்கை இல்லை.

அவளுடைய மேடையைத் தவிர.

பெர்னார்ட் மேடையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கைத்தடியைத் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல், இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். காற்றில் சட்டை உப்பியது. மேடை ஆடியது, அவரும் ஆடினார்.

காற்று படகை மேடைப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. ஆளில்லாத மேடை என்றால் அது நல்லது, ரப்பர் உருளைகள் தாங்கிக்கொள்ளும். இப்போதோ ஸ்டெல்லா நேராக அவரைப் பார்த்துப் போனாள்.

"போங்க!" என்று கத்தினாள். காற்றில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையை இன்னும் நீட்டினார். படகின் முன்பக்கத்துக் கம்பியில் அவர் விரல்கள் பட்டன, பிடித்தன. படகில் கை வைக்காதே, இடித்தால் பெயிண்டோடு போகட்டும் என்று கிளப்புக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சண்டை பிடித்தவர் அவர். ஷார்லீன் இஞ்சினைப் பின்னோக்கி முழு வேகத்தில் போட்டாள். படகு ஒரு தரம் குலுங்கி நின்று, பின்னால் போகத் தொடங்கியது. அவர் உடம்பு கம்பியோடு சேர்ந்து முன்னால் வந்தது. ஏசுவே, விடச் சொல்லும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் விட்டார். தள்ளாடி, கம்பத்தைப் பிடித்து நின்றார்.

வெளியே வந்து படகைத் திருப்பினாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவருக்குப் போன் போட்டாள். அவர் தோள்பைக்குள் துழாவி எடுப்பது தெரிந்தது.

"அங்கேருந்து போங்க."

"கயித்த மட்டும் வீசு ஷார். நான் புடிச்சுக்கறேன்."

"எந்தக் கையால?"

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்திருப்பாள்.

"மின்னல் அடிக்குது" என்றார் அவர். "உள்ள வந்துடு. எனக்கு அங்க உக்காந்திருக்க முடியலை."

"நீங்க அங்க நிக்கற வரைக்கும் நான் வரமாட்டேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"வரமாட்டேன் பெர்னார்ட்."

போனை வைத்தாள். வைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி, படகின் மூக்கை மழை வரும் திசைக்குத் திருப்பி, கடலைப் பார்த்துப் போனாள்.

மழை சுவர் மாதிரி வந்தது. எதிர்க்கரை மறைந்தது, உபின் மறைந்தது. மேடை கண்ணில் படும் தூரத்திலேயே அவள் படகைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். இடி விழும்போதெல்லாம் தலைக்கு மேலே நிற்கும் பாய்மரத்தைப் பார்த்தாள். சுற்று வட்டாரத்தில் அதுதான் உயரம். பயமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது திரும்பிப் பார்ப்பது. மேடை வழுக்கும். அவர் விழுந்துவிட்டால் இவள் இங்கே வீம்பு பிடித்துக்கொண்டு நிற்பாள், அது இவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

திரும்பிப் பார்த்தாள்.

மழைக்குள் அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கைத்தடியை முன்னால் வைத்து, நல்ல காலை எடுத்து வைத்து, மற்ற காலை இழுத்து, மறுபடி கைத்தடி. மேடையிலிருந்து கரைக்கு ஏறும் சரிவுப் பலகையில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. கூரைக்கு அடியில் போய் அவர் உட்காரும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. உட்கார்ந்து ஏதோ குனிந்து செய்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுகிறார் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் உள்ளே வந்தாள்.

காற்று இன்னும் மேடைப் பக்கமே தள்ளியது. தள்ளட்டும் என்று விட்டாள். வேகத்தை ஆன மட்டும் குறைத்தாள். அவளுடைய கண் இரும்புக் கொம்பை மட்டும் பார்த்தது. மேடை பக்கத்தில் வந்ததும் இரண்டு காலும் தாமாகவே குதிக்கத் தயாராயின; அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தன. அவள் குதிக்கவில்லை. கழியை நீட்டிக் கண்ணியைக் கொம்பில் போட்டாள். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை விழுந்தது. இஞ்சினை முன்னோக்கி மெதுவாக ஓடவிட்டு, சுக்கான் கட்டையை மேடைப் பக்கம் சாய்த்தாள். கயிறு விறைத்தது. ஸ்டெல்லா ஒரு முனகலோடு மேடையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கூடு மீன் தட்டில் ஒட்டி நின்றதைப் போலவே, ஓர் இம்மிகூட மாறாமல்.

இறங்கி, முன்கயிற்றையும் பின்கயிற்றையும் கட்டி, இஞ்சினை நிறுத்தினாள். ஒருவரும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டிய ஆள் பெஞ்சில் இருந்தார்.

நனைந்த உடையோடு மேலே ஏறிப்போனாள். எழுந்து வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றிருந்தது. பெர்னார்ட் எழவில்லை. கண்ணை மூடியிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"எங்கயாச்சும் இடிச்சுதா?"

"இடிக்கலை. நீங்க பாக்கலையா?"

"பாக்கலை."

துடைத்துவிடலாம் என்று குனிந்தபோதுதான் பார்த்தாள். அவருடைய வலது மணிக்கட்டு பெஞ்சின் கைப்பிடிக் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. அந்த இரண்டு முழக் கயிறுதான். சுற்றிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாக, சாக்கு மூட்டையைக் கட்டுகிற மாதிரி. கடலில் போகிறவன் எவனும் போடுகிற முடிச்சு இல்லை அது. இப்படி ஒன்றை அவள் போட்டிருந்தால் அந்தக் காலத்தில் நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருப்பாள். கயிற்றின் நுனியில் பல் பட்ட தடம் இருந்தது.

"என்ன இது?"

"உக்காருன்னியே. சும்மா உக்கார முடியலை எனக்கு."

ஷார்லீன் முழங்கால் போட்டு முடிச்சைத் தொட்டாள். நகம் நுழைய இடமில்லை. கல்லாக இறுகியிருந்தது. கட்டும்போது ஒரு கையால் இவ்வளவு இறுக்க முடியாது. கயிற்றுக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருந்தது. அவள் முதல் தடவை கண்ணியைத் தவறவிட்டபோதோ, அதற்கு முன்னாலோ, அவர் எழுந்திருக்கிறார். எழுந்து இழுத்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"இந்தக் கைக்கு என்ன தெரியும்." அவர் கண்ணைத் திறந்து, அது வேறு யாருடைய கையோ என்பதைப் போலப் பார்த்தார். "எந்தக் கையாலன்னு கேட்டியே. இதுக்கும் ஒரு வேலை கெடச்சிருக்கு."

"நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது."

"கேட்டது சரிதான்."

மழை கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் முடிச்சை நெம்பிப் பார்த்தாள். முடியவில்லை. ஸ்டெல்லாவில் கத்தி இருக்கிறது, போய் எடுத்துவரலாம். அவரைக் கட்டிய நிலையில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"ஷார்."

"ம்."

"என்னைக் கூட்டிட்டுப் போறப்பவும், திரும்பி உள்ள வர்ற நேரத்துக்கு இதே மாதிரி கட்டிடு. நீ கட்டினா அவுக்க வர்ற மாதிரி கட்டுவ."

அவள் குனிந்து, அவர் பல் பட்ட இடத்திலேயே தன் பல்லை வைத்து முடிச்சை இழுத்தாள்.